நாத்தனார் வந்து பார்த்த கிளட்ச்

கடை முதலாளியிலிருந்து தெருமுனை டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவள் ‘கண்ணாடி அக்கா’. மூக்கில் கண்ணாடி போட்டதால் வந்த பெயர் அல்ல. ஜன்னலுக்கும் கதவுக்கும் அலமாரிக்கும் வெட்டிய கண்ணாடிப் பலகைகளை ஒரு பழைய பிக்கப் வண்டியில் ஏற்றி, வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் பிழைப்பு.

வண்டி அவள் மாமனாருடையது. அவர் இருந்தவரை அதில் மரம் ஏற்றினார். அவர் போனபின் மகன் கைக்கு வந்தது, அவன் கண்ணாடிக் கடைக்கு ஓட்டினான். ஒருநாள் ஒரு கனத்த பலகையை ஒரு பக்கமாகத் தூக்கி, முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். இனிமேல் கிளட்ச்சை மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளி அவனைக் கடைக்குள் பில் போடுகிற நாற்காலியில் உட்கார வைத்தார். வண்டிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தபோது, அதுவரை வீட்டில் தையல் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த மனைவி, “நான் ஓட்டுறேன்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

கண்ணாடி ஏற்றும் வண்டிக்கு உயிர் கிளட்ச்தான். வெடுக்கென்று விட்டால் வண்டி ஒரு குதி குதிக்கும், பின்னால் சட்டத்தில் சாய்ந்து நிற்கும் பலகையில் எங்காவது மெல்லிய கோடு விழும். கோடு விழுந்த கண்ணாடியை யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் அவள் கிளட்ச்சிலிருந்து காலை எடுப்பதே தனி அழகு. தூங்கிவிட்ட குழந்தையின் தலைக்கடியிலிருந்து கையை உருவுவதுபோல எடுப்பாள். முதல் நாள் ஒரு கீறல் இல்லாமல் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு வந்து, கணவன் என்ன சொல்லப்போகிறான் என்று வாசலிலேயே நின்றாள். அவன் உடனே போனை எடுத்தான். அவளிடம் பேச அல்ல, தங்கையிடம் பேச.

“பாப்பா, உங்க அண்ணி பரவால்ல. நீ ஓட்டுற மாதிரியே ஓட்டுறா” என்றான்.

அவனைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய பாராட்டு உலகத்தில் கிடையாது. அவளுக்கு வயிறு எரிந்தது.

இந்தப் பாப்பா ஒன்றும் தொட்டிலில் கிடக்கும் பாப்பா அல்ல. நாற்பதை எட்டிப் பார்க்கிற, நல்ல உயரமான பெண். ஊரின் மறுமுனையில் சொந்தமாக மெக்கானிக் பட்டறை வைத்திருந்தாள். கையில் எப்போதும் ஒரு ஸ்பேனர், காதோரம் ஒரு துளி கிரீஸ். சின்ன வயதில் அப்பாவோடு இதே பிக்கப்பின் பானெட்டுக்குள் தலையை விட்டு வளர்ந்தவள். அண்ணனுக்கு அவள் என்றால் அவ்வளவு பெருமை. வீட்டில் குழாய் ஒழுகினால் “பாப்பா வரட்டும்.” மிக்ஸி சத்தம் போட்டால் “பாப்பாகிட்ட கேப்போம்.” ஒருமுறை மின்விசிறியை மனைவியே கழற்றித் துடைத்து, எண்ணெய் விட்டு மாட்டினாள். அது பூப்போல ஓடியது. அவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, “எதுக்கும் பாப்பா வரும்போது ஒருதடவை காட்டிடுவோம்” என்றான். அன்று அவள் அவனோடு பேசவே இல்லை. அவனுக்குக் காரணம் புரியவில்லை. விசிறிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லையோ என்று தங்கையிடம் வேறு கேட்டு வைத்தான்.

அந்தக் கிளட்ச் மக்கர் பண்ணத் தொடங்கியது ஒரு மழைக்காலத்தில். முதலில் சிக்னலில் நின்று கிளம்பும்போது கியர் கறகறவென்று கத்தியது. பிறகு பெடல் தொளதொளத்தது. இரண்டு மூன்று முறை குத்திக் குத்தி மிதித்தால்தான் கியர் விழும். கடைசியில் மிதித்த பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டு மேலே வரவே மறுத்தது, ஷூ நுனியால் கொக்கி போட்டுத் தூக்க வேண்டியிருந்தது. கிளட்ச் ஆயில் டப்பாவைத் திறந்தால் அடியில்தான் கொஞ்சம் கிடந்தது. ஊற்றினாள். மறுநாளும் குறைந்திருந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் அவள் கவனித்து வைத்திருந்தாள். கண்ணாடிக் கிடங்கின் வாசல் ஒரு சரிவு. வண்டியின் மூக்கு கீழே பார்க்க நிறுத்தித்தான் ஏற்றுவார்கள். அங்கே நிற்கும்போது பெடலைச் சும்மா மிதித்துப் பார்த்தால், மற்ற இடங்களில் இல்லாத இறுக்கம் இருந்தது. சமதளத்துக்கு வந்து கொஞ்ச தூரம் போனதும் பழையபடி தொளதொளப்பு. ஏன் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்ததை யாரிடமும் சொல்லவும் இல்லை. சொன்னால் அது நேரே பாப்பாவின் காதுக்குத்தான் போகும்.

விடுமுறை நாள் காலை. வீட்டுக்குப் பக்கத்திலிருந்த காலி இடத்தில் வண்டியை நிறுத்தி, அவளே இறங்கிவிட்டாள். கிளட்ச் குழாய்க்குள் காற்று ஏறிவிட்டால் அதை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் அடியில் படுத்து, கியர் பெட்டி ஓரம் இருக்கிற சின்ன சிலிண்டரில், காற்றை வெளியே விட வைத்திருக்கிற நிப்பிளைத் திறக்க வேண்டும். ஆயிலோடு காற்றும் வெளியே வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் பெடலை விடலாம். முன்னால் விட்டால், போன காற்று திரும்ப உள்ளே ஏறிக்கொள்ளும். அவள் பட்டறைகளில் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது அது. மிதிக்க வேறு ஆள் இல்லை. டாக்டர் சொன்னதையும் மீறி, முதுகுக்கு ஒரு தலையணை வைத்து, கணவனை டிரைவர் சீட்டில் ஏற்றினாள்.

“மிதிங்க.”

“மிதிச்சுட்டேன்.”

“பிடிச்சுக்கோங்க. நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க.”

“எதை?”

“பெடலைத்தாங்க! வேற எதை?”

அவன் பெடலை விட்டுவிட்டுக் குனிந்து, “எதை விடக்கூடாதுன்னு சொன்னே?” என்று கேட்டான். திறந்திருந்த நிப்பிள் சர்ரென்று காற்றை உள்ளே இழுத்தது. ஆயில் அவள் கையில் வழிந்து, சட்டைக் கைக்குள் புகுந்து, முழங்கை வரை போனது.

“ஏங்க, கண்ணாடிக்குப் பில் போடும்போது ஒழுங்கா போடுறீங்கல்ல? இதுல மட்டும் என்ன?”

“நீ கத்தினா எனக்குக் கால் நடுங்குது. பாப்பாவெல்லாம் பொறுமையா சொல்லுவா.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு நிப்பிளை மூடினாள். இன்னும் பலமுறை முயன்றாள். ஒவ்வொரு முறையும் அவன் ஒன்று முந்தினான் அல்லது பிந்தினான். வெயில் ஏறியதும், “கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வரேன்” என்று இறங்கிப் போனான். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் குரல் தணிந்து கேட்டது. “ஆமா பாப்பா... இல்ல இல்ல, அவளுக்குத் தெரியாது, நீயா வந்த மாதிரி வா.”

பாப்பா தானாக வந்த மாதிரி, முழு ஸ்பேனர் பையோடும், கிளட்ச் சிலிண்டருக்கான புது வாஷர் செட்டோடும், உள்ளே ஓடுவது வெளியே தெரிகிற, சுருட்டிய பிளாஸ்டிக் குழாயோடும் வந்து இறங்கினாள்.

“இந்தப் பக்கமா வந்தேன் அண்ணி” என்றாள்.

“தெரியுது” என்றாள் இவள்.

பாப்பா வேலை செய்யும் விதத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டம். முதலில் ஆயில் டப்பாவைப் பார்த்தாள். மேலே, பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டரைச் சுற்றி விரலால் தடவினாள், காய்ந்திருந்தது. உள்ளே போய்ப் பெடலுக்கு மேலே இருக்கிற கம்பியைத் தொட்டுப் பார்த்தாள், அங்கேயும் ஈரம் இல்லை. பிறகு வண்டிக்கு அடியில் போய், கீழ் சிலிண்டரின் ரப்பர் மூடியை நுனியில் விலக்கினாள். உள்ளே தேங்கியிருந்த ஆயில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

“இதோ இருக்கு. உள்ள வாஷர் போச்சு அண்ணி. இதை மாத்தாம காத்து எடுத்தா விடிய விடிய எடுக்க வேண்டியதுதான்.”

“நான் சொன்னேன்ல?” என்றான் அண்ணன், மனைவியைப் பார்த்து. என்ன சொன்னான் என்று அவனுக்கே தெரியாது.

சிலிண்டரைக் கழற்றி, உள்ளே துடைத்து, புது வாஷர் போட்டு மாட்டினாள் பாப்பா. அண்ணன் மறுபடி சீட்டில் ஏறப்போனபோது, “நீ வேணாம்ணா. அண்ணி உட்காரட்டும்” என்றாள். கண்ணாடி அக்கா ஏறி உட்கார்ந்தாள். தன் வண்டியில் தன் சீட்டில் உட்காரத் தனக்கே உத்தரவு கொடுக்கிறாளே என்று இருந்தது.

“மிதிங்க அண்ணி... பிடிங்க... ம், விடுங்க.”

இருவருக்கும் தாளம் முதல் முறையே சரியாக விழுந்தது. நிப்பிளில் மாட்டிய பிளாஸ்டிக் குழாயில் குமிழிகள் வந்தன, குறைந்தன, நின்றன. டப்பாவில் ஆயில் குறையக் குறைய அண்ணன் ஊற்றினான். “இப்ப பாருங்க” என்று பாப்பா கைகளைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பெடல் பாதி வரை வெறுமனே போனது. கியர் கறகறத்தது.

பாப்பா நெற்றியைச் சுருக்கினாள். மறுபடி படுத்தாள். மறுபடி மிதி, பிடி, விடு. வெறும் ஆயில்தான் வந்தது, ஒரு குமிழி இல்லை. பெடலோ பழைய கதை. வாஷரைத் திருப்பிப் போட்டுவிட்டேனோ என்று சிலிண்டரை மறுபடி கழற்றினாள். சரியாகத்தான் இருந்தது. மாட்டினாள். ரப்பர் ஹோஸ் உப்புகிறதோ என்று, அண்ணியை மிதிக்கச் சொல்லிவிட்டு அதைக் கையால் இறுக்கிப் பிடித்துப் பார்த்தாள். உப்பவில்லை. பெடல் கம்பியின் நீளத்தைப் பார்த்தாள். எல்லாம் சரி. கிளட்ச் மட்டும் சரியில்லை.

சீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இத்தனை வருஷத்தில் பாப்பா ஒன்றைத் தொட்டு அது சரியாகாமல் அவள் பார்த்ததில்லை. அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த அந்த நீளமான கால்கள் எரிச்சலில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டதை, கதவு வழியாக ஒரு சினிமா பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஹோஸைப் பிடித்துப் பார்த்த அந்த நேரத்தில்தான் அவளுக்குக் கிடங்குச் சரிவு நினைவுக்கு வந்தது. மூக்கு கீழே பார்த்தால் இறுகும் பெடல். வாயைத் திறக்கப்போனாள், மூடிக்கொண்டாள். கேட்டால் சொல்லலாம். அவள்தான் கேட்கவில்லையே. மெக்கானிக் அவளா, நானா?

அண்ணன் வேறு நேரம் பார்த்து வாயைக் கொடுத்தான்.

“என்ன பாப்பா, உனக்கே வரலயா?”

பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் அவளை அப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்லை. முகம் சிவந்து, கண் ஓரம் கலங்கியதுபோல இருந்தது. அது கிளட்ச் ஆயில் பட்ட எரிச்சலாகவும் இருக்கலாம். அண்ணிக்கு அந்தக் காட்சி இன்னும் இனித்திருக்க வேண்டும், ஆனால் நினைத்த அளவு இனிக்கவில்லை. இருந்தாலும் அவள் வாயைத் திறக்கவில்லை.

“மேல இருக்கிற மாஸ்டர் சிலிண்டரைக் கழட்டிப் பாக்கணும்” என்றாள் பாப்பா. “இங்க முடியாது. கயிறு கட்டிப் பட்டறைக்கு இழுத்துட்டுப் போயிடுறேன்.”

“தாராளமா கொண்டு போ. ஒரு வாரம் பத்து நாள்கூட வச்சுக்க” என்றான் அண்ணன், கேட்ட கேள்விக்குப் பிராயச்சித்தம்போல. “சரியானதும் நீயே கண்ணாடியும் இறக்கிடு. உனக்குத் தெரியாத வண்டியா? உங்க அண்ணியும் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்.”

பாப்பாவின் கை ஜன்னல் வழியாக உள்ளே வந்து ஸ்டியரிங்கின் மேல் தங்கியது. சும்மா சாய்வதற்கு வைத்த கை அல்ல. அந்த வளையத்தில் தேய்ந்து வழவழப்பான இடத்தை அவள் கட்டைவிரல் தானாகவே தேடிப் போனது. அவள் முகத்தில் ஓடிய வெளிச்சத்தைக் கண்ணாடி அக்கா மிக அருகில் பார்த்துவிட்டாள்.

“மூக்கு கீழ பாக்க நிறுத்தினா வரும்” என்று சட்டென்று சொன்னாள்.

“என்ன அண்ணி?”

“கிடங்குச் சரிவுல நிறுத்தும்போது பெடல் இறுகும். சமதளத்துக்கு வந்தா போயிடும். ஏன்னு எனக்குத் தெரியாது. ஆனா இறுகும்.”

பாப்பா பானெட் பக்கம் போய் மாஸ்டர் சிலிண்டரையே சிறிது நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு தன் நெற்றியில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள். “சாய்ச்சு மாட்டியிருக்காங்க அண்ணி! முன் நுனி மேல தூக்கிட்டு நிக்குது. காத்து அந்த மூலையில போய் உக்காந்துக்குது. கீழ நிப்பிள்ல எத்தனை தடவை எடுத்தாலும் அது அசையாது. வண்டிய முன்பக்கமா சரிச்சா, அந்த நுனி தாழும். காத்து பின்னால நகந்து டப்பா வழியா மேல போயிடும்.”

தெருவின் கடைசி வீட்டுக்கு அப்பால் சாலை நன்றாகவே இறங்கும். அண்ணன் முதுகுக்காரன் என்பதால் அவன் ஸ்டியரிங்கில் உட்கார, பெண்கள் இருவரும் பின்னாலிருந்து தள்ளினார்கள். “இன்னும் கொஞ்சம்... லெப்ட்ல பிடிங்க... மெதுவா, மெதுவா” என்று அவன் தலையை வெளியே நீட்டி உத்தரவு போட்டுக்கொண்டே வந்தான்.

“ஸ்டியரிங் உன் கையிலதானே இருக்கு? நாங்க எங்க லெப்ட்ல பிடிக்கிறது?” என்றாள் பாப்பா. அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

சரிவில் கைபிரேக் போட்டு, முன் சக்கரங்களுக்கு மரக்கட்டை கொடுத்தார்கள். ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, பாப்பா அண்ணியைப் பெடலைக் கொஞ்சம் கொஞ்சமாக, விட்டு விட்டு மிதிக்கச் சொன்னாள். டப்பாவுக்குள் ஒரு குமிழி வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு கொதிக்கிற தண்ணீர்போல அடுக்கடுக்காக வந்தன. குமிழி அடங்கியதும் பாப்பா அடியில் படுத்தாள். மிதி, பிடி, விடு. காலுக்குக் கீழே பெடல் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு தேறுவதைக் கண்ணாடி அக்கா உணர்ந்தாள். கடைசியில் அது முன்பிருந்ததைவிட இறுக்கமாக நின்றது.

அண்ணன் டீ வாங்கப் போயிருந்தான். அடியிலிருந்து பாப்பாவின் குரல் வந்தது.

“சரிவு விஷயம் எப்ப ஞாபகம் வந்துச்சு அண்ணி?”

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். யாரும் கோர்ட்டுக்கு இழுக்கப் போவதில்லை. “நீ ஹோஸைப் பிடிச்சுப் பாத்தியே, அப்பவே” என்றாள்.

அடியில் ஸ்பேனரைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

“அதுக்கப்புறம் நான் எவ்வளவு நேரம் இதுக்கடியில கிடந்தேன் தெரியுமா?”

“தெரியும். பாத்துட்டுத்தான் இருந்தேன்.”

“நல்லா இருந்துச்சா?”

“நல்லா இருந்துச்சு.”

பாப்பா வெளியே நகர்ந்து வந்து, எழுந்திருக்காமல், சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்தாள் அண்ணி. அவள் கையில் இருந்த பழந்துணியைத் திருகிக்கொண்டே பேசினாள்.

“அப்பா போனதும் சாவிய அண்ணன் கையில குடுத்தாங்க. சரி, ஆம்பளப் புள்ளைன்னு குடுத்தாங்க, விட்டுட்டேன். அவனுக்கு முதுகு போனதும் எனக்குத்தான் வரும்னு நெனச்சேன். போன் பண்ணான். ‘உங்க அண்ணி ஓட்டுறா, உன்ன மாதிரியே ஓட்டுறா’ன்னான். அன்னிக்கு பட்டறைய மூடிட்டு அழுதேன் அண்ணி. அப்புறம் இந்த வண்டி எப்படா கெடும்னு இருப்பேன். கெட்டாத்தானே என்னைக் கூப்பிடுவீங்க.”

கண்ணாடி அக்கா இதை எதிர்பார்க்கவில்லை. தன்னைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்கள், அதுவும் இந்தப் பாப்பா பொறாமைப்படுவாள் என்பது அவள் கனவிலும் நினைக்காதது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவத்தோடு சேர்ந்து, வெட்கமில்லாமல், ஒரு சந்தோஷமும் அவளுக்குள் பொங்கியது. இத்தனை வருஷம் அவள் தனியாக வெந்துகொண்டிருக்கவில்லை. அந்தப் பக்கத்திலும் அதே அடுப்பு எரிந்திருக்கிறது.

“ஒரு ரவுண்டு போய்ப் பாத்துட்டு வா” என்று சாவியை நீட்டினாள். “சரியா இருக்கான்னு தெரியணும்ல.”

பாப்பா சாவியை வாங்கிக்கொண்டு, கட்டைகளை எடுத்துவிட்டுக் கிளம்பினாள். கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல விழுந்தது. வண்டி சரிவில் இறங்கித் திரும்பி மறைந்தது.

கிளட்ச் பார்க்க இந்தத் தெருவை ஒரு சுற்று சுற்றினால் போதும். பாப்பா வரவில்லை. டீ வந்தது, ஆறியது. கண்ணாடி அக்கா சரிவின் விளிம்பிலேயே நின்றாள். பெரிய சாலைக்கே போய்விட்டாளா? எந்தக் கியரில் போகிறாள்? அங்கே இருக்கிற பள்ளத்தில் மெதுவாக இறக்குவாளா? கண்ணாடி ஏற்றாத வண்டிதான், இருந்தாலும் என்ஜின் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தாள்.

“பாப்பா அருமையா ஓட்டுவா, கவலப்படாத” என்றான் கணவன்.

“டீயைக் குடிச்சுட்டுக் கம்முனு இருங்க” என்றாள்.

திரும்பி வந்து இறங்கியபோது பாப்பாவின் தலைமுடி காற்றில் கலைந்திருந்தது. “நல்லா இருக்கு அண்ணி” என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். எங்கே போனாள் என்று இவள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இதற்குப் பிறகு இரண்டு பேரும் உடன்பிறந்தவர்கள்போல ஆகிவிட்டார்கள் என்று சொன்னால் அது பொய். கணவன் வாயில் இன்றைக்கும் பாப்பா, பாப்பாதான். அதைக் கேட்கும்போது கண்ணாடி அக்காவுக்கு இன்றைக்கும் மூக்கு நுனி சிவக்கும். ஆனால் அடுத்த வாரம் அவளே போன் செய்தாள். “ஞாயித்துக்கிழமை வண்டி சும்மாதான் நிக்குது. பட்டறைக்குச் சாமான் கீமான் ஏத்தணும்னா வந்து எடுத்துக்க.” பெருந்தன்மை மட்டும் காரணம் இல்லை. வண்டி வேண்டுமென்றால் பாப்பா தன் வாசலுக்கு வந்து, தன் கையிலிருந்து சாவியை வாங்கிப் போக வேண்டும் என்பதும் அதில் இருந்தது. பாப்பாவுக்கும் அது புரிந்திருக்கும். ஆனாலும் வந்தாள். ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வருகிறாள்.

திங்கட்கிழமை காலையில் கண்ணாடி அக்கா வண்டியில் ஏறினால் கிளட்ச் எட்டாது. நெட்டைக் காலுக்காகப் பாப்பா சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளியிருப்பாள். முன்னால் இழுத்து வைத்துவிட்டுப் போகச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது, அவள் மறந்துவிடுகிறாளாம். “மறக்குறாளாம், மறக்குறா” என்று முனகிக்கொண்டே அவள் சீட்டுக்கு அடியில் கையை விட்டு நெம்புகோலைத் தேடுவாள். ஒரு இழுப்பு இழுத்துத் தன் இடத்துக்குக் கொண்டுவந்து, காலை நீட்டிப் பெடலை ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடி ஏற்றக் கிளம்புவாள்.